முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்: உறை கடந்த நிலையிற் செய்யத்தகும் சிகிச்சைகள்

விழா மலர் ஒன்றிலே நோயைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். கல்லூரியின் பழம்பெருமையையும், ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும், விளையாட்டு வீரரின் வெற்றிகளையும் எடுத்துரைக்கும் ஏடுகளுக்கிடையே புற்றுநோய் என்னுஞ் சொல் ஒலித்தல் மங்கலக் குறைவெனத் தோன்றலாம். ஆயினும், பழைய மாணவர் சங்கத்தினருட் பலர் ஐம்பது வயதைக் கடந்தோர் என்பதையும், யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட நோய் ஆடவர்க்கே உரியது என்பதையும், அது பெரும்பாலும் ஐம்பதின் மேலேயே தலைகாட்டுவது என்பதையும் நோக்குமிடத்து, இம்மலரைக் கையிலெடுப்போரிற் பலர்க்கு இக்கட்டுரை நேரே பயன்படும் என்பது தெளிவாகும். மாணவர்க்கோ, உயிரியற் பாடத்திற் படிக்கும் கலம், ஓமோன், கதிர்வீச்சு என்பன மனிதன் வாழ்நாளை நீட்டும் கருவிகளாக மாறும் வகையை அறிய இஃதொரு வாய்ப்பாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்நோய் சிறுநீரோடும் ஆண்மையோடும் தொடர்புடையதாதலின், எம்மவர் இதனைப் பற்றி வாய்திறக்க நாணுகின்றனர். மனைவிக்குச் சொல்லார், மக்களுக்கும் சொல்லார், வைத்தியர் கேட்டாலும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவர். இம்மௌனத்திலே கழியும் மாதங்கள், நோய் உறைக்குள் நிற்பதற்கும் உறையைக் கடந்து செல்வதற்கும் இடையேயுள்ள மாதங்களாக அமைந்துவிடுதல் உண்டு. ஆதலின் கூச்சத்தை ஒருபுறம் வைத்து, சொல்லவேண்டியதைத் தெளிவாகச் சொல்ல முற்படுகின்றோம்.

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

ஆங்கில வைத்தியர் புரொஸ்டேற் என வழங்கும் உறுப்பினையே எமது கலைச்சொல்லாக்கத்தார் முன்னிற்குஞ் சுரப்பி எனப் பெயரிட்டனர். 'முன்னே நிற்பவன்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ஆங்கிலப் பெயர் பிறந்தமையின், தமிழ்ப் பெயர் மூலத்திற்கு நன்கு பொருந்தியதே. சிறுநீர்ப்பையின் கழுத்திற்குக் கீழே, நேர்குடலுக்கு முன்னே, இளமையில் ஏறத்தாழ 20 கிராம் நிறையுடையதாய் இச்சுரப்பி அமைந்துள்ளது. சிறுநீர்ப்பையிலிருந்து புறப்படும் சிறுநீர்வழி இதன் நடுவே ஊடுருவிச் செல்கின்றது. மேற்புறத்தே பின்னாக இரு சுக்கிலப்புடகங்கள் பொருந்தியுள்ளன. சுக்கிலத்தோடு சேரும் பாயத்தின் ஒரு பகுதியைச் சுரத்தலே இதன் தொழிலாகும்.

இவ்வமைப்பை மனத்திற் கொண்டால் ஒரு முக்கிய உண்மை விளங்கும். வயது முதிர்ந்த ஆடவர்க்கு வரும் சாதாரண வீக்கம், சிறுநீர்வழியைச் சூழ்ந்த உட்பகுதியிலே தோன்றுவது. அது வழியை நெருக்குதலால், இரவிற் பலமுறை எழுதல், சிறுநீர் மெலிந்து செல்லுதல் முதலிய தொல்லைகளை விரைவில் விளைவிக்கும். புற்றுநோயோ பெரும்பாலும் பின்புறத்து வெளிப்பகுதியிலே தொடங்குவது. அஃது ஒரு தொல்லையுஞ் செய்யாமல் நெடுங்காலம் வளரும். ஆகவே, சிறுநீர்த் தொல்லை உடையார் எல்லாருக்கும் புற்றுநோய் உண்டெனக் கொள்வது தவறு. தொல்லை இல்லாதார் எல்லாரும் நோயற்றவர் எனக் கொள்வதும் தவறு. பின்புறத்தே நேர்குடலை அடுத்து நிற்றலினாலேயே, வைத்தியர் விரலாற் பரிசோதித்து அதன் கடினத்தை உணர முடிகின்றது.

உறை கடந்த நிலை யாது?

எமது வளவுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வேலிக்குள் ஒரு கொடி படர்கின்றது. அது வேலிக்குள்ளேயே நிற்பின் வேரோடு பிடுங்கிவிடுதல் எளிது. வேலியைத் தாண்டி அடுத்த காணிக்குள் நுழைந்துவிடின், வேலிக்கு இருபுறமும் வேலை செய்தல் வேண்டும். அதன் விதை காற்றிற் பறந்து அயலூர்களில் முளைத்துவிடின், ஒரு வளவைத் துப்புரவாக்குதலால் மட்டும் பயன் இல்லை.

முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் இம்மூன்று நிலைகளை உடையது. சுரப்பியின் உறைக்குள் அடங்கி நிற்பது முதல் நிலை. உறையைத் துளைத்து வெளியேறியோ, சுக்கிலப்புடகத்தைப் பற்றியோ, சிறுநீர்ப்பை, நேர்குடல், இடுப்புச்சுவர் முதலிய அயலுறுப்புக்களிற் பதிந்தோ நிற்பது இரண்டாம் நிலை. இதுவே இக்கட்டுரையின் பொருளாகும். இடுப்பறையில் உள்ள நிணநீர்க் கணுக்களை நோய் அடைந்திருப்பினும், எலும்பு முதலிய தூர உறுப்புக்களுக்குப் பரவாதவிடத்து, ஏறக்குறைய இதே முறையிற் சிகிச்சை செய்வர். தூரப் பரவியது மூன்றாம் நிலை.

இரண்டாம் நிலையினர் தமக்கு இனி வழியில்லை என எண்ணுதல் பெரும் பிழையாகும். பூரண சுகத்தை நோக்கிச் சிகிச்சை செய்யத்தக்க நிலையே இது. ஆனால் ஒரு கருவி போதாது. பெரும்பாலும் இரண்டு, சிலவேளை மூன்று கருவிகளைச் சேர்த்துக் கையாளுதல் வேண்டும்.

நோயை அளந்தறிதல்

சிகிச்சைக்கு முன்னே நோயின் அளவும் குணமும் அறியப்படல் வேண்டும். இதற்கு நான்கு படிகள் உள.

முதலாவது, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனப்படும் புரதத்தை அளத்தல். இதனைச் சுரப்பியின் கலங்கள் ஆக்குகின்றன. ஒரு மில்லிலீற்றரில் 4 நனோகிராமுக்கு மேற்படின் மேலும் ஆராய்தல் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்பொழுது வயதையும் பிறவற்றையும் சேர்த்தே மதிப்பிடுவர். சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் இவ்வளவு உயருமாதலின், உயர்வு கண்டவுடன் கலங்குதல் வேண்டா.

இரண்டாவது, விரற்பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும். உறை மீறப்பட்டதா, சுக்கிலப்புடகம் பற்றப்பட்டதா என்பனவற்றைப் படம் காட்டும்.

மூன்றாவது, ஊசி மூலம் இழையத் துணுக்குகளை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல். அமெரிக்க நோயியலறிஞர் டொனால்ட் கிளீசன் 1966 இல் வகுத்த முறைப்படி, கலங்களின் ஒழுங்கு எவ்வளவு சிதைந்துள்ளது என்பதற்கேற்ப இரு எண்கள் இட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகை 6 எனின் நோய் மந்தமானது. 8 முதல் 10 வரையாயின் கடுமையானது.

நான்காவது, நோய் தூரப் பரவவில்லை என்பதை உறுதிப்படுத்தல். எலும்புப் படமும் சீ.ரி. படமும் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. இந்நோய்க்கலங்களின் மேற்பரப்பில் மிகுந்துள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பற்றும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கொண்டு எடுக்கப்படும் புதிய படம் அவற்றினும் நுட்பமானது. அவுஸ்திரேலியாவில் 302 ஆடவரிடையே நடாத்தப்பெற்று 2020 இல் வெளிவந்த ஆய்வில், பழைய முறையின் செம்மை நூற்றுக்கு 65 ஆகவும், புதிய முறையின் செம்மை 92 ஆகவும் காணப்பட்டன. எனினும் இப்படம் எடுக்கும் வசதி எல்லாவிடத்தும் இல்லை. இல்லாதவிடத்துப் பழைய படங்களைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்குவர். படத்திற்காகச் சிகிச்சையைக் காலவரையறையின்றிப் பிற்போடுதல் தகாது.

ஓமோனின் வரலாறு

எருதுக்கு நலமடித்தால் அதன் உடலும் குணமும் மாறுதலை எமது கமக்காரர் பண்டுதொட்டே அறிவர். 18 ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த சத்திரவைத்தியர் ஜோன் ஹன்ரர், விதையகற்றப்பெற்ற விலங்குகளிலே முன்னிற்குஞ் சுரப்பி சிறுத்துப்போதலைக் கண்டு எழுதினார். அவ்வறிவு நோய்க்கு மருந்தாகப் பல காலம் சென்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்பாரும் கிளாறன்ஸ் ஹொட்ஜஸ் என்பாரும், பரவிய புற்றுநோயுடையார்க்கு விதைகளை அகற்றியோ பெண் ஓமோனைக் கொடுத்தோ ஆண் ஓமோனைத் தடுத்தால் நோய் அடங்குதலை 1941 இல் வெளிப்படுத்தினர். புற்றுநோய்க் கலமும் உடலின் கட்டளைக்கு ஓரளவு கீழ்ப்படிவதே என்னும் இப்புதுக் கருத்துக்காக ஹக்கின்ஸ் 1966 இல் நோபெற் பரிசு பெற்றார்.

ஆண் ஓமோனாகிய தெசுத்தோசுத்தெரோனின் மிகப் பெரும் பகுதி விதைகளிலே சுரக்கின்றது. அவற்றைச் சுரக்குமாறு ஏவுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. கபச்சுரப்பியை ஏவுவது அதற்கு மேலுள்ள பரிவகக்கீழ் விடுக்கும் ஒரு சிறு புரதம். இதன் அமைப்பைக் கண்டறிந்த அன்ட்ரூ ஷலி, றொஜர் கில்மன் என்னும் இருவரும் 1977 இல் நோபெற் பரிசாளருள் இடம்பெற்றனர். இங்கே மாணவர் கவனிக்கத்தக்க ஒரு விந்தை உண்டு. இயற்கையில் இவ்வேவற்பொருள் விட்டுவிட்டுத் துடிப்பாகவே வெளிப்படும். அதனை ஒத்த மருந்தை ஓயாது உடலிற் செலுத்தின், முதற் சில நாட்களிற் சுரப்பு மிகுந்து, பின்னர்க் கபச்சுரப்பி மரத்துப்போய் ஏவலைக் கைவிடுகின்றது. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கொருமுறையோ இடப்படும் கோசெரலின், லியூப்ரொலைட்டு முதலிய ஊசிமருந்துகள் இவ்வாறே தொழிற்படுவன. முதல் நாட்களின் மிகுசுரப்பால் தீங்கு வாராவண்ணம், சில வாரங்களுக்கு வேறு மாத்திரைகளையும் கொடுப்பர். மிகுசுரப்பை உண்டாக்காது உடனே தடுக்கும் டெகாறெலிக்ஸ் ஊசியும், வாயால் உட்கொள்ளும் றெலுகொலிக்ஸ் மாத்திரையும் பின்வந்தவை.

விதைகளைச் சத்திரசிகிச்சையால் அகற்றுதலும் ஊசி இடுதலும் ஓமோனைத் தடுக்கும் ஆற்றலில் ஒன்றையொன்று ஒத்தவை. முன்னையது செலவு குறைந்தது, ஆனால் மீட்கமுடியாதது; பின்னையது செலவு மிக்கது, நிறுத்தினால் ஓமோன் பலருக்கு மெல்லத் திரும்பும். குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் தடுப்பு வேண்டப்படும் எமது இரண்டாம் நிலையினர்க்கு ஊசியே பெரிதும் ஏற்றதாகும்.

முதல் வழி: கதிர்வீச்சும் ஓமோன் தடுப்பும்

கதிர்வீச்சு மட்டும் போதாதோ? ஓமோன் தடுப்பு மட்டும் போதாதோ? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண ஐரோப்பியரும் கனேடியரும் பல்லாண்டு உழைத்தனர்.

முதல் வினாவுக்கு விடை கண்டவர், பிரான்சு தேசத்துக் கிறெனோபிள் நகரத்து மிசேல் பொல்லா தலைமையிலான குழுவினர். 1987 முதல் 1995 வரை 415 நோயாளரைச் சேர்த்து, ஒரு பகுதியினர்க்குக் கதிர்வீச்சு மட்டும், மற்றப் பகுதியினர்க்குக் கதிர்வீச்சுடன் மூன்றாண்டு கோசெரலின் ஊசியும் அளித்தனர். பத்தாண்டு கழிந்தபோது, கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், இரண்டும் பெற்றோரில் 58 பேரும் உயிரோடிருந்தனர்.

இரண்டாம் வினாவுக்கு நோர்வே, சுவீடன், தென்மார்க்கு ஆகிய நாடுகளின் வைத்தியர் 875 நோயாளரைக் கொண்டு விடை கண்டனர். ஓமோன் தடுப்பு மட்டும் பெற்றோரிற் பத்தாண்டுக்குள் இப்புற்றுநோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர். கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றோரில் 12 பேர். 2009 இல் வெளிவந்த இம்முடிவை, 2011 இல் வெளிவந்த கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளின் 1205 நோயாளர் பற்றிய ஆய்வும் உறுதிப்படுத்தியது. ஆகவே ஒன்றின்றி மற்றொன்று போதாது என்பது தெளிவாயிற்று.

இவ்விரண்டும் சேர்ந்து வலிமை பெறுதல் ஏன்? கதிர்வீச்சு கலத்தின் டீ.என்.ஏ. இழைகளை அறுக்கின்றது. கலமோ அறுந்த இழைகளைச் சீர்செய்ய முயலும். அச்சீர்செய்தொழிலுக்கு ஆண் ஓமோன் துணைசெய்வதாக ஆய்வுகூடங்களிற் கண்டனர். ஓமோனை நிறுத்தினால் அறுந்தவை அறுந்தவாறே நின்று கலம் மடியும். அதனோடு, படத்திற் காணமுடியாத அளவிற் சிதறிநிற்கும் கலங்களையும் ஓமோன் தடுப்பு அடக்குகின்றது.

எவ்வளவு காலம் தடுத்தல் வேண்டும்? 970 நோயாளரை ஆறு மாதத் தடுப்பினர், மூன்றாண்டுத் தடுப்பினர் என இருபாலாக்கிய ஐரோப்பிய ஆய்வு, ஐந்தாண்டில் இறந்தோர் நூற்றுக்கு முறையே 19 பேர், 15 பேர் என 2009 இற் காட்டிற்று. எனவே ஆறு மாதம் போதாது. கனடாவில் நிகழ்ந்து 2018 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வில் பதினெட்டு மாதத்துக்கும் முப்பத்தாறு மாதத்துக்கும் இடையே வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆதலின் பதினெட்டு மாதம் முதல் மூன்றாண்டு வரை, நோயாளியின் உடல்நிலையை நோக்கி வைத்தியர் காலத்தை வரையறுப்பர்.

கதிர்வீச்சு நேர்கோட்டு ஆர்முடுக்கி என்னும் இயந்திரத்தால் வெளியிலிருந்து செலுத்தப்படும். நாளொன்றுக்கு 2 கிறே வீதம், வாரத்துக்கு ஐந்து நாளாக, 78 கிறே அளவை ஏறத்தாழ எட்டு வாரங்களிற் கொடுத்தல் ஒரு முறை. நாளுக்கு 3 கிறே வீதம் 20 நாட்களில் 60 கிறே கொடுக்கும் குறுகிய முறையும் தக்காரிடத்துக் கையாளப்படுகின்றது. தூரவிடத்திலிருந்து வருவோர்க்கு இது பெரிதும் வசதியானது. கதிர்வீசும் பொருளைச் சுரப்பியின் உள்ளேயே வைத்து அளவைக் கூட்டுதலும் உண்டு. இடுப்பறை நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துக் கதிர்வீச்சுக் கொடுத்தல் நன்றோ என்பதை மும்பாய் தாத்தா நினைவு வைத்தியசாலையார் 224 நோயாளரிடையே ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டனர். ஐந்தாண்டில் பி.எஸ்.ஏ. மீண்டும் உயராதிருந்தோர், கணுக்களையும் சேர்த்தவரில் நூற்றுக்கு 95 பேர், சுரப்பிக்கு மட்டும் பெற்றவரில் 81 பேர். மொத்த வாழ்நாளில் மட்டும் அக்காலத்துள் வேறுபாடு தோன்றவில்லை.

மூன்றாவது கருவி

விதைகளைத் தடுத்த பின்னரும் அதிரீனற் சுரப்பிகளும் புற்றுநோய்க் கலங்கள் தாமுமே சிறிதளவு ஆண் ஓமோனை ஆக்கிக்கொள்கின்றன. இவ்வாக்கத்தைத் தடுக்கும் அபிரத்தெரோன் என்னும் மருந்து இலண்டன் புற்றுநோய் ஆய்வு நிலையத்திற் கண்டுபிடிக்கப்பெற்றது. மிகக் கடுமையான, ஆயினும் தூரப் பரவாத நோயுடைய 1974 ஆடவரிடையே இதனைப் பரீட்சித்த பிரித்தானிய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஈராண்டு அபிரத்தெரோனும் பெற்றோரில் ஆறாண்டின் பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 86 பேர். பெறாதாரில் 77 பேர். நிணநீர்க் கணுக்களில் நோயுடையோரும், உறை கடத்தல், கிளீசன் எண் 8 அல்லது அதற்கு மேற்படல், பி.எஸ்.ஏ. 40 அல்லது அதற்கு மேற்படல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் உடையோருமே இவ்வாய்வில் பெரும்பாலும் இடம்பெற்றோர். உறை கடந்த அனைவர்க்கும் இது வேண்டும் என்பதன்று. இம்மருந்தோடு பிரெட்னிசொலோன் உட்கொள்ளலும், இரத்த அழுத்தம், பொற்றாசியம், ஈரல் ஆகியவற்றை ஒழுங்காகச் சோதித்தலும் இன்றியமையாதன.

இரண்டாம் வழி: சத்திரசிகிச்சை

சுரப்பியையும் சுக்கிலப்புடகங்களையும் முழுதும் அகற்றும் சத்திரசிகிச்சையை 1904 இல் பால்ற்றிமோர் நகரில் ஹியூ ஹம்ரன் யங் என்பார் முறைப்படி செய்து காட்டினார். ஆண்மைக்குரிய நரம்புகளைக் காத்து அகற்றும் முறையை அந்நகரத்திலேயே பற்றிக் வோல்ஷ் என்பார் 1982 இல் தொடக்கினார். உறை கடந்த நிலையில் இச்சிகிச்சை ஒருகாலத்துத் தகாதெனக் கருதப்பட்டது. இப்பொழுது, நோய் சிறிதளவே உறையைக் கடந்திருப்பின், உடல்வலிமை உடையோர்க்கு, இடுப்பறை நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் பெருஞ் சிகிச்சையாக இதனைச் செய்வர். அயலுறுப்புக்களில் நோய் பதிந்து நிற்பின் இது பெரும்பாலும் ஏற்றதன்று.

சத்திரசிகிச்சையை விரும்புவோர் ஒன்றை முன்னரே அறிதல் வேண்டும். வேலியைத் தாண்டிய கொடியின் ஒரு துண்டு வெட்டிய எல்லைக்கு அப்பாலும் நிற்கக்கூடும். ஆகவே கத்தியோடு வேலை முடிந்தது என்னும் உறுதியை எவரும் தருவதற்கில்லை. அகற்றியபின் பி.எஸ்.ஏ. அளவு காணமுடியாத அளவிற்குத் தாழ்தல் வேண்டும். பின்னர் உயரத் தொடங்கின், சுரப்பியிருந்த இடத்துக்குக் கதிர்வீச்சுக் கொடுப்பர். எல்லார்க்கும் உடனே கதிர்வீச்சுக் கொடுத்தலினும், பி.எஸ்.ஏ. சிறிது உயர்ந்தவுடன் காலந்தாழ்த்தாது கொடுத்தலே பெரும்பாலார்க்குப் போதும் என்பதும், இதனாற் பலர் கதிர்வீச்சின்றியே தப்புவர் என்பதும் 2020 இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தன.

ஓமோன் தடுப்பு மட்டும், அல்லது அவதானித்திருத்தல்

வயது மிக முதிர்ந்தோர்க்கும், இருதயநோய் முதலியவற்றால் நலிந்தோர்க்கும் மேற்கூறிய வழிகள் பாரமாகலாம். அவர்க்கு ஓமோன் தடுப்பு மட்டும் அளித்தலோ, தொல்லை தோன்றும்வரை அவதானித்திருத்தலோ தகுந்ததாகும். உள்ளூர்ச் சிகிச்சைக்கு உட்படாத 985 நோயாளரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வொன்றில், உடனே ஓமோன் தடுப்புப் பெற்றோர்க்கும், தொல்லை தோன்றியபின் பெற்றோர்க்கும் இடையே இப்புற்றுநோயாலான இறப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மொத்த வாழ்நாளில் முன்னவர்க்குச் சிறு நன்மையே காணப்பட்டது. பி.எஸ்.ஏ. 50 இற்கு மேற்பட்டோர்க்கும், அவ்வளவு ஓராண்டுக்குள் இரட்டிப்போர்க்கும் நோயால் இறக்கும் அபாயம் மிகுதியாதலின், உடனே தொடங்குதல் நன்று. அவதானித்திருத்தல் கைவிடுதலன்று, குறித்த தவணைகளிற் பரிசோதித்து, வேண்டியபோது வேண்டியதைச் செய்யும் சிகிச்சை முறையே அது.

சிகிச்சைக்கு நாம் கொடுக்கும் விலை

பயனை மட்டும் கூறிப் பாதகத்தை மறைத்தல் நேர்மையன்று. ஓமோன் தடுப்பால் உடலில் வெப்பம் திடீரென எழுதல், காமவிருப்பம் குன்றல், களைப்பு, தசை மெலிந்து கொழுப்பு மிகுதல், எலும்பின் அடர்த்தி குறைதல், இரத்தத்திற் சர்க்கரை உயர்தல், மனச்சோர்வு ஆகியன விளையக்கூடும். எம்மவரிடையே நீரிழிவு மலிந்திருத்தலின் கடைசியிற் கூறியவற்றுட் சர்க்கரை பற்றிய எச்சரிக்கை மிக வேண்டற்பாலது. தினந்தோறும் நடத்தலும், பாரந்தூக்கும் எளிய பயிற்சியும், புகைத்தலை ஒழித்தலும், கல்சியம், உயிர்ச்சத்து டி ஆகியன போதுமளவு பெறுதலும், எலும்பின் அடர்த்தியை அளப்பித்தலும் இத்தீங்குகளைக் குறைக்கும்.

கதிர்வீச்சின்போது அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிவு, வயிற்றோட்டம் ஆகியன வரலாம்; பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சிலர்க்குப் பின்னாளில் மலத்தோடு இரத்தம் செல்லுதல் உண்டு. சத்திரசிகிச்சையின் பின் சிறுநீர் தானாகக் கசிதல் பலர்க்குச் சில மாதம் நீடிக்கும், சிலர்க்கு நிலைத்துவிடும். இருவழியாலும் ஆண்மை குறையக்கூடும். நோய் நரம்பை அடுத்து நிற்பின் அந்நரம்பைக் காத்தல் இயலாது. இவை வெட்கத்துக்குரியன அல்ல. இவற்றிற்கும் பரிகாரங்கள் உள. மனைவியையும் உடன்வைத்து வைத்தியரோடு முன்னரே பேசுதல், பின்வரும் துயரிற் பாதியைத் தவிர்க்கும்.

தெரிவு செய்தல்

இருவரைக் கற்பனையாகக் கொள்வோம். ஒருவர் 62 வயதினர், நாள்தோறும் தோட்டத்தில் வேலை செய்பவர், நோய் சுக்கிலப்புடகத்தைப் பற்றியுள்ளது, கிளீசன் எண் 9, பி.எஸ்.ஏ. 46. மற்றவர் 84 வயதினர், இருமுறை இருதயத் தாக்கு அடைந்தவர், நோய் உறையைச் சிறிது கடந்தது, கிளீசன் எண் 7, பி.எஸ்.ஏ. 14. முதலாமவர்க்குக் கதிர்வீச்சு, நீண்டகால ஓமோன் தடுப்பு, அபிரத்தெரோன் ஆகிய மூன்றும் முன்வைக்கப்படும். சேய்மையிலுள்ள பதினைந்து, இருபது ஆண்டுகளை நோக்கி அவர் இப்பாரத்தைச் சுமத்தல் தகும். இரண்டாமவரை அவ்வாறு செய்யின், நோய் கொல்லுமுன் சிகிச்சையே அவரை நலிக்கலாம்; அவதானித்திருத்தலே அவர்க்கு அறிவுடைமையாகலாம். அயலவர்க்குச் செய்த சிகிச்சை எனக்கு ஏன் செய்யப்படவில்லை எனக் குறைகூறுவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

இவ்விரு எல்லைக்கும் நடுவே நிற்போர்க்குக் கதிர்வீச்சு வழியோ சத்திரசிகிச்சை வழியோ எனுந் தெரிவு உண்மையான தெரிவாகும். அவர்கள் சத்திரவைத்தியர், கதிர்வீச்சு வைத்தியர் ஆகிய இருவரையும் கண்டு, சில வினாக்களை எழுதிக்கொண்டு சென்று கேட்டல் நன்று: நோய் எவ்விடம்வரை சென்றுள்ளது? ஒரு சிகிச்சையோடு முடியுமோ, பின்னரும் வேறு வேண்டுமோ? ஓமோன் ஊசி எத்தனை மாதம்? சிறுநீருக்கும் ஆண்மைக்கும் என்ன நேரும்? எனது மற்றை நோய்களுக்கு இது பொருந்துமோ? இலங்கையில் மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கென அரச வைத்தியசாலைகள் உள்ளமையால், வடபுலத்தார் ஆலோசனை பெறத் தொலைதூரம் அலையவேண்டியதில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. ஓமோன் தடுப்பால் பி.எஸ்.ஏ. விரைவில் வீழ்ந்துவிடும். அதனைக் கண்டு நோய் ஒழிந்ததெனக் கருதிக் கதிர்வீச்சுக்குச் செல்லாது விடுவோரும், ஊசியை இடையில் நிறுத்துவோரும், எவரோ விற்கும் பொடியை நம்பி வைத்தியசாலையை மறப்போரும் உளர். வீழ்ந்த எண் உறங்கும் நோயையும் குறிக்கலாம். அஃது உறங்கும் காலமே அதனை அழித்தற்குரிய காலமாகும். இனி, கால்களில் திடீரெனப் பலக்குறைவு, முதுகில் ஓயாத வலி, சிறுநீர் முற்றாகத் தடைப்படல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நாளைக்கெனப் பிற்போடாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தவர்க்கு அது வரும் வாய்ப்பு மற்றையோரினும் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே நோயுற்றவர் தம் நோயை மறைத்தல், தம் புதல்வர்க்கும் உடன்பிறந்தார்க்கும் உரிய எச்சரிக்கையை மறைத்தலே ஆகும். அன்னார் ஐம்பதை அடையுமுன்னரே வைத்தியரைக் கண்டு பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றிக் கேட்டறிதல் வேண்டும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் கூறினார். நோயாளி, வைத்தியர், மருந்து, பணிவிடை செய்வோர் என்பன அவை. மருந்தை அறிஞர் பலர் தேடித் தந்துவிட்டனர். அதனை அளந்து தருவதற்கு வைத்தியர் உளர். எஞ்சிய இரண்டும் எம் கையில் உள்ளன. நோயாளி வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். இல்லத்தாரும் நண்பரும் அதனைக் கேட்டு உடன் நடத்தல் வேண்டும். ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பரிடையே மறைக்கவேண்டிய நோய் யாதும் இல்லை. அடுத்தமுறை கூடும்போது, பழங்கதைகளுக்கிடையே, 'சோதித்துப் பார்த்தாயா?' என ஒருவரையொருவர் வினவுவாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.